காலாவதியான பெயருக்கு வந்த ஜாதகங்கள்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அந்த வருடம் கடத்தூரில் எங்கள் வீட்டில் குக்கர் மூடியிலிருந்து கணவர் வரை எல்லோரும் என்னிடம் திட்டு வாங்கினார்கள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே செய்துகொண்டிருந்த டேட்டா என்ட்ரி வேலை போயிருந்தது. போனில் இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு முடித்துக்கொண்டார்கள். "சரி விடு, வேற பாத்துக்கலாம்" என்றார் கணவர். அவருக்கு பஸ் ஸ்டாண்டு ஓரம் மொபைல் கடை. அவர் அப்படிச் சொன்னதற்கும் திட்டினேன்.

வேலை போனவர்களை மோப்பம் பிடித்துத் தேடி வருவதற்கென்றே யூடியூபில் சிலர் இருக்கிறார்கள். கோட்டு போட்ட ஒருவர் தினமும் என் போனுக்கு வந்தார். ஒரு கடையோ கம்பெனியோ இணையத்தில் தளம் நடத்த வேண்டுமென்றால் அதற்கு ஒரு பெயர் வேண்டும், அதுதான் டொமைன். அதை யாரும் ஒரேயடியாகச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது, வருடா வருடம் பணம் கட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டாமல் விட்டால் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். பழைய பெயர் என்றால் ஏற்கனவே ஆள் வந்து போன தடம் இருக்கும், அதனால் அதற்கு மதிப்பு அதிகம். அப்படிக் காலாவதியான பெயரை வாங்கி, வேண்டியவருக்கு விற்றால் லாபம். இவ்வளவுதான் அவர் சொன்னது. இதைச் சொல்ல அவருக்கு அத்தனை வீடியோக்கள் தேவைப்பட்டன.

நானும் வாங்கினேன். முதலில் வாங்கியது வெளிநாட்டில் மூடிப்போன ஏதோ ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் பெயர். அதை எவன் கேட்பான் என்று வாங்கிய மறுநாள்தான் யோசித்தேன். அடுத்தது மாம்பழம் என்று முடிகிற ஒரு பெயர். நம்ம ஊர்க்காரிக்கு மாம்பழம் என்றாலே வியாபாரம்தானே. பணம் கட்டிவிட்டுத் தோண்டிப் பார்த்தால், அதற்கு முன் அதில் சூதாட்டத் தளம் நடந்திருக்கிறது, கூகுளே அதை ஒதுக்கி வைத்திருக்கிறது. எதுவும் விற்கவில்லை. கடையை மூடிவிட்டு வரும் கணவர் செருப்பைக் கழற்றும்போதே "ஏதாச்சும் போச்சா?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து, அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் பாத்ரூமுக்குள் போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திருமண தகவல் மையத்தின் பெயர் ஏலத்துக்கு வந்தது. சேலம் பக்கம் யாரோ பல வருடம் நடத்தி, மூடிவிட்டுப் போயிருந்தார்கள். சுத்தமான தமிழ்ப் பெயர், பழைய பெயர், சூதாட்டம் கீதாட்டம் எதுவும் கிடையாது. கல்யாணத் தொழில் படுக்கவா போகிறது? ஏலத்தில் என்னோடு ஒரே ஒருவர்தான் போட்டி போட்டார், அவரும் பாதியில் விலகிவிட்டார். பெயர் என்னுடையதானது. அன்று பாயசம் வைத்தேன். எதற்கு என்று மாமியார் கேட்டதற்கு, சேமியா பூச்சி வைத்துவிடும் போல இருந்தது என்றேன்.

கோட்டுக்காரர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். வாங்கிய பெயரில் "விற்பனைக்கு" என்று ஒரு பக்கம் போட்டு நம் போன் நம்பரைக் கொடுக்க வேண்டும். கூடவே, அந்தப் பெயருக்கு எந்த முகவரியில் மெயில் வந்தாலும் நம் பெட்டிக்கே வரும்படி செய்துவிட வேண்டும். வாங்க நினைப்பவர் எப்படி எழுதினாலும் தவறிப் போகாது. நானும் செய்தேன். மெயில் வந்தது. வாங்க நினைப்பவரிடமிருந்து அல்ல.

தலைப்பில் "வரன் வேண்டி" என்று இருந்தது. திறந்தால் ஒரு பெண்ணின் போட்டோ, ராசிக் கட்டம் நவாம்சக் கட்டத்தோடு ஜாதகம், பிறந்த நேரம், கூடப் பிறந்தவர்கள், நிலம், அப்பாவின் போன் நம்பர். ஏதோ மோசடி மெயில் என்று நினைத்தேன். மறுநாள் அரூர் பக்கத்திலிருந்து இன்னொன்று. அந்த வாரமே பாலக்கோட்டிலிருந்து ஒன்று. மையம் மூடியது இவர்களுக்குத் தெரியவே இல்லை. எப்படி என்று எனக்கும் புரியவில்லை. பிறகு மாமியாரின் பீரோவில் மொய் கவர் தேடும்போது கிடைத்தது விடை. கவரின் பின்பக்கத்தில் அந்த மையத்தின் விளம்பரமும் மெயில் முகவரியும் அச்சடித்திருந்தது. ஒரு காலத்தில் கல்யாண மண்டபங்களில் கட்டுக்கட்டாக இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். மொய் கவரை யார் வீட்டில் தூக்கிப் போடுகிறார்கள்? அது இன்னும் எத்தனையோ வீட்டு பீரோவில் கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில் பெண் ஜாதகம் என்பது கண்டவர் கையில் கிடக்கிற காகிதம் இல்லை. எங்கள் வீட்டிலேயே கணவரின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். நாத்தனார் பி.எட். முடித்துவிட்டு தனியார் பள்ளியில் டீச்சர். அவளுடைய ஜாதகத்தின் ஒவ்வொரு நகலும் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று மாமியாருக்கு மனப்பாடமாகத் தெரியும். கொடுத்த இடத்திலிருந்து ஒருநாளும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள், முகத்துக்கு நேராகச் சொன்னால் மனசு நோகுமாம். போன் வராது, அவ்வளவுதான். வரவில்லை என்றால் பெண் பிடிக்கவில்லை, இல்லையென்றால் பொருத்தமில்லை என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். திரும்பக் கேட்பதும் மரியாதை இல்லை. ஒவ்வொரு ஜாதகம் போனபிறகும் மாமியார் சார்ஜரில் இருக்கும் போனைக்கூடக் கழற்ற விட மாட்டார். நாத்தனார் எதையும் கவனிக்காதவள் போல விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். நாள் போகப் போக அவள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. அதை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன்.

இப்போது பத்து ஊர்ப் பெண்களின் போட்டோவும் பிறந்த நேரமும் என் லேப்டாப்பில் இருக்கிறது. வெளியே தெரிந்தால் என்ன பேசுவார்கள்? ஊரான் பெண்களின் ஜாதகத்தை வைத்து அந்த வீட்டு மருமகள் வியாபாரம் பண்ணுகிறாள் என்றுதானே? அதற்குப் பிறகு நாத்தனாரைக் கட்டிக்கொள்ள யார் வருவார்கள்? லேப்டாப்பை மூடிவைத்து, அதன் மேல் துவைத்த துணியை மடித்து அடுக்கிவிட்டு, அப்புறமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். கணவரிடம் சொன்னபோது அவர் முகமும் மாறிவிட்டது. எல்லோருக்கும் உண்மையை எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"நாம பாத்தோம்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? கம்முனு இரு. நல்ல வெல வந்தா தள்ளிவுட்டுடு" என்றார்.

விலை வந்தது. ஒரு காலை நேரம் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. எந்த ஊர் என்று சொல்லவில்லை. பேச்சில் தேன் ஒழுகியது, நொடிக்கொரு தரம் மேடம் போட்டார். அவர் சொன்ன விலையைக் கேட்டு என் கல்லில் தோசை கருகிவிட்டது. உடற்பயிற்சிக் கூடம், மாம்பழம் என்று நான் விட்டதையெல்லாம் எடுத்து, மேலும் கையில் நிற்கிற அளவு விலை அது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மெயில் எல்லாம் வருதுங்களா மேடம்?" என்றார் அவர்.

ஏன் கேட்கிறீர்கள் என்றேன். பெயர் மட்டுமென்றால் அந்த விலை இல்லையாம், வந்த மெயில்களையும் அப்படியே கொடுத்தால்தான் அந்த விலையாம். அவரே விளக்கமும் சொன்னார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, நல்ல இடம் இருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்றால் மறுபேச்சில்லாமல் கட்டிவிடுவார்களாம். அதற்கப்புறம் மாப்பிள்ளை காட்டுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு பெயர் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

கொடுக்கக் கூடாது என்று உடனே தோன்றிவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி எதுவும் தோன்றவில்லை. அந்தத் தலைவலி என் கையை விட்டுப் போகும், பணமும் வரும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கையில் போனபிறகு எது நடந்தாலும் என் பெயர் வராதே என்றும் நினைத்தேன். கணவரும் கொடுத்துவிடு என்றார். கொடுப்பதற்கு முன் என்னதான் இருக்கிறது என்று எல்லா மெயிலையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். அதுவரை போட்டோவைக் கண்டாலே பயந்து மூடிவிடுவேன், முழுதாக எதையும் படித்ததில்லை.

அதில்தான் ஏரியூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ. நீலப் புடவை, கையில் வாட்ச், யாரோ சிரிக்கச் சொல்லி அரைகுறையாகச் சிரித்த முகம். பி.ஃபார்ம் படித்துவிட்டு பென்னாகரத்தில் ஒரு மெடிக்கலில் வேலை, வயது முப்பதை நெருங்கியிருந்தது. ஒரே முகவரியிலிருந்து அவளுக்காக மூன்று மெயில்கள் வந்திருந்தன. முதல் மெயிலில், அரசு வேலையோ சொந்தத் தொழிலோ உள்ள நல்ல குடும்பத்து வரன் தேவை என்று இருந்தது. சில வாரம் கழித்து வந்த இரண்டாவதில், தனியார் வேலையும் சம்மதம், மாப்பிள்ளைக்குத் தோஷம் இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. மூன்றாவதில் போட்டோவும் இல்லை, ஜாதகமும் இல்லை. மறுமணமும் சம்மதம், குழந்தை இருந்தாலும் சம்மதம், தயவுசெய்து பதில் போடவும். மூன்றின் அடியிலும் "இப்படிக்கு, பெண்ணின் தந்தை" என்று இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எந்த அப்பன் இப்படித் தன் பெண்ணைப் படிப்படியாக இறக்கி வைப்பான்? யார் பதில் சொல்லவில்லை என்று இறக்கினான் என்று அப்புறம்தான் யோசித்தேன். பதில் சொல்லாதது நான்தான். நான் பயந்து லேப்டாப்பின் மேல் துணி அடுக்கிக்கொண்டிருந்த நாளெல்லாம், எங்கோ மாப்பிள்ளை வீட்டார் தன் மகளை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பதாக அந்த வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இங்கே மாப்பிள்ளை வீடும் இல்லை, மையமும் இல்லை. பெயரை ஏலத்தில் எடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்த நான் மட்டும்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவர் கடைக்குப் போகும்வரை காத்திருந்தேன். மாமியார் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மெயிலில் இருந்த நம்பரைப் போட்டுவிட்டுக் கட் செய்தேன். மறுபடி போட்டேன், மறுபடி கட் செய்தேன். அவர் போலீஸில் சொல்லிவிட்டால்? என் நம்பரை ஊர் முழுக்கக் காட்டினால்? இந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாளே. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த நம்பரிலிருந்து போன் வந்துவிட்டது. இரண்டு முறை அடித்து நின்றதைப் பார்த்து அவரே கூப்பிடுகிறார். எடுத்தேன். திருமண மையம் விஷயமாக என்று ஆரம்பித்ததும் அவர் குரல் எழுந்து நின்றுவிட்டது.

"மையத்துலர்ந்துங்களா? சொல்லுங்கம்மா, ஏதாச்சும் பொருந்தி வந்துச்சுங்களா?"

அதற்குப் பதில் சொல்வதுதான் எனக்கு இருந்ததிலேயே கஷ்டம். மையம் மூடிப் பல நாள் ஆகிறது, அந்தப் பெயரை இணையத்தில் ஏலத்தில் நான் எடுத்தேன், உங்கள் மெயில் என்னிடம் வந்துவிட்டது என்று சொன்னேன். பெயரை எப்படி ஏலம் விடுவார்கள் என்று கேட்டார். கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்ட கடையை வேறு ஆளுக்கு விடுகிற மாதிரி என்றேன். அது புரிந்தது. திட்டு விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப யாரும் எங்க புள்ளைய வேணாம்னு சொல்லலீங்களா?" என்றார்.

"இல்லீங்க. மாப்பிள வூட்டுக்காரங்க யாருக்கும் அது போகவே இல்லீங்க."

"நாங்க ஒரே தடவதாங்க அனுப்புனோம். பதிலு காணோம்னதும், சரி, வேணாம்னு சொல்லக் கூச்சப்படறாங்க, திரும்பக் கேக்கறது மருவாத இல்லைன்னு வுட்டுட்டோங்க."

ஒரே தடவை. இல்லையே, மூன்று மெயில் வந்ததே என்று சொல்ல வந்தவள் அப்படியே வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்கிற குரல் இல்லை அது. அவர் மேல் நேற்று முழுக்க வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"செத்த இருங்கம்மா. இத எம்பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனச்சுக்கும்" என்று போனைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டு நடந்தாள். ஆட்டுச் சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றது. அப்பாவிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். அவள் நான் முடிக்கும்வரை கேட்டாள்.

"மத்த ரெண்டையும் அப்பாகிட்டச் சொல்லிட்டீங்களாங்க?"

"இல்லீங்க."

"சொல்லாதீங்க. அவருக்குத் தெரியாது. நாந்தான் அனுப்புனேன்."

அழுகை வந்தது, நான் அழுதால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருக்குமே என்று அடக்கிக்கொண்டேன். அதையெல்லாம் யாராவது படித்தார்களா என்று கேட்டாள். நான் மட்டும் என்றேன். அழித்துவிடச் சொன்னாள். இப்போதே அழிக்கிறேன் என்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தேன், அவளுடையதை மட்டுமல்ல, எல்லோருடையதையும். மையம் மூடிவிட்டது என்று முதலில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதால் போன் நம்பர்களை மட்டும் குறித்துக்கொண்டேன். பிறகு அவள், அந்தப் பெயரை வேறு யாருக்காவது விற்பீர்களா என்று கேட்டாள்.

"விக்க மாட்டேங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதைத் தீர்மானித்துவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. அன்று மதியம் தேன் குரல்காரர் கூப்பிட்டபோது, இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் விலையை ஏற்றியபோதும் அதையேதான் சொன்னேன். இப்போது அந்த முகவரிக்கு மெயில் போட்டால் போய்ச் சேரவில்லை என்று அனுப்பியவருக்கே திரும்பிவிடும். தளத்தைத் திறந்தால் மையம் மூடப்பட்டது என்று ஒரே ஒரு வரி இருக்கும். பெயரை விற்கவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. கட்டாமல் விட்டால் ஏலத்துக்குப் போகும், அவரைப் போல ஒருவர் கண்ணில் பட்டுவிடும். வருடா வருடம் கட்டுகிறேன். கட்டிய பிறகும், சரியாகக் கட்டினேனா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். இந்த ஜென்மத்தில் நான் செய்த டொமைன் வியாபாரம் இப்படி ஆனது என்று கணவர் இன்றும் கிண்டல் செய்வார்.

அன்று விற்க மாட்டேன் என்று சொன்ன பிறகும் அந்தப் பெண் உடனே போனை வைத்துவிடவில்லை.

"அப்ப மொத மெயிலயே மாப்பிள வூட்டுக்காரங்க யாரும் பாக்கலை."

"பாக்கலீங்க."

"அப்படின்னா அந்த ரெண்டாவதும் மூணாவதும் நான் எழுதியிருக்கவே வேண்டாம்லங்க."

"வேண்டியதே இல்லீங்க" என்றேன்.

அதற்குள் அவள் அப்பா எங்கிருந்தோ என்னம்மா சொல்றாங்க என்று கேட்பது காதில் விழுந்தது. ஒண்ணுமில்லப்பா, அனுப்புனது யாருக்குமே போய்ச் சேரலையாம் என்று அவள் உரக்கப் பதில் சொன்னாள்.